மூடுவதற்கான காரணம்

ஐ வோன்ற் ரு குளோஸ் மை எக்கவுண்ட், பிளீஸ். பஸ்ஸின் கண்ணாடியோரம் இருந்துகொண்டு, கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து தவமலர் எண்ணினாள். ஏழு சொல். இந்த ஏழு சொல்லையும் காலையில் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றும்போதும், வாசலில் குந்தியிருந்து பூட்ஸைக் கொழுவும்போதும், பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அதில் ஒரு பிழையும் இல்லை. இருபத்தேழு வருசம் ஸ்காபரோவில் இருக்கிற ஒருத்திக்கு ஏழு சொல் பெரிய காரியமில்லை. பிரச்சினை அதற்குப் பிறகு அவர்கள் கேட்கப்போகும் ஒற்றைச் சொல்லில் இருந்தது. வை? ஏன்? இந்த 'ஏன்' வருகிற இடத்தில் மனம் ஒவ்வொரு தரமும் கால் தடுக்கி நின்றது. நின்று, திரும்பி, முதலாம் சொல்லுக்குப் போய், மறுபடி ஐ வோன்ற் என்று தொடங்கியது. வீடு மாறுகிறேன் என்று சொல்லலாமா? பொய். காசு காணாது என்று சொல்லலாமா? அதுவும் பொய், கணக்கில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் டொலர் கிடக்கிறது, அவர்களின் கொம்பியூட்டரில் அது தெரியும். உண்மையைச் சொல்லலாம். ஆனால் உண்மை ஏழு சொல்லுக்குள் வராது, இங்கிலிஷில் வராது, தமிழிலும் எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதோடு, உண்மையை முதலில் கேட்க வேண்டியவன் வேறொருத்தன், அவளுடைய மகன். அல்பேர்ட்டாவில், பனியும் எண்ணெயும் பூசின உடுப்போடு, ஏதோவொரு லொறியின் வயிற்றுக்குக் கீழே படுத்திருப்பான். அவனுக்கு அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் இன்றைக்கு, வியாழக்கிழமை, வேலை இல்லாத நாளாகப் பார்த்து வெளிக்கிட்டிருந்தாள். அப்படி முடித்துவிட்டுப் பிறகு என்ன செய்வதாக யோசனை என்று தன்னையே கேட்டாள். பஸ் குலுங்கியது. ஐ வோன்ற் ரு.

வங்கிக்குள் போனதும் வெக்கை முகத்தில் அடித்தது. வெளியில் சுழியத்துக்குக் கீழே பதினாலு, உள்ளே ஆட்களுக்கு வேர்க்கிறது. ஈரக் கோட்டுகளின் மணமும் கோப்பி மணமும் கலந்து, ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறமாதிரி ஒரு எண்ணம். பதிவு மேசையில் பெயரைக் கொடுத்தாள். கொஞ்சம் இருக்கச் சொன்னார்கள். பச்சைக் கதிரை. முந்தி இந்தக் கதிரைகள் நீலமாக இருந்தன. தொண்ணூற்றேழில், வந்து மூன்றாம் கிழமை, புருசன் சிவபாதம் அவளை இந்தக் கிளைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தவர். அப்போது கஜீபனுக்கு ஏழு வயது, தாயின் சீலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவன். "உன்ட பேரும் போடுறன், எனக்கு ஏதும் நடந்தால் நீ அந்தரப்படக் கூடாது" என்று மனுசன் சொன்னதும், கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரி அவளுடைய பெயரை நாலு தரம் எழுத்துக் கூட்டிக் கேட்டுச் சிரித்ததும், ரெண்டு கிழமையால் தபாலில் ஒரு வங்கி காட் வந்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. பிளாஸ்ரிக்கில் மேடாக எழும்பி நின்ற எழுத்தில் அவளுடைய முழுப்பெயர். அதைத் தடவித் தடவிப் பார்த்தவள். அடையாள அட்டையைப் பறிகொடுத்து, ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, ஏஜென்சிக்காரன் தந்த ஆரோ ஒருத்தியின் பெயரில் மூன்று விமானம் ஏறி வந்தவளுக்கு, நீதான் நீ என்று முதலில் எழுத்தில் ஒப்புக்கொண்டது இந்த வங்கிதான். அதை எப்படி மறப்பது? நன்றிகெட்ட வேலையல்லவா செய்யப் பார்க்கிறேன் என்று தோன்றியது. பிறகு சிவபாதத்துக்கு நடக்க வேண்டியது நடந்தது, ரெண்டாயிரத்துப் பன்னிரண்டில், வேலைத்தலத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அவருடைய பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மகனின் பெயரைப் போட்டார்கள். அன்றைக்கும் இந்தக் கதிரைகள் நீலம்தானா? இல்லை, பச்சையாகிவிட்டதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் இருந்தது.

சாம்பல் என்றதும் மனம் சறுக்கிக்கொண்டு அங்கேதான் போய் நின்றது. அந்தத் துண்டுக் காகிதம் கைப்பையின் உள்ளறையில் நாலாக மடித்தபடி இருக்கிறது. பையைத் திறந்து பார்க்கத் தேவையில்லை, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பாடம். போன சித்திரை மாதம், நகரத்துக்குள் ஒரு பெரிய மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற வேலைக்கு அவளையும் இன்னும் ஆறு பேரையும் கொம்பனி அனுப்பியிருந்தது. வங்கியின் பங்குதாரர் கூட்டம் முடிந்த மண்டபம். அவளுடைய வங்கி. மேடையில் அதே பச்சை, அதே சின்னம். தனது வீட்டுக்குள் தானே வேலைக்கு வந்தது போல ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது. கதிரைகளுக்குக் கீழே தண்ணிப் போத்தல்கள், பிஸ்கற் தாள்கள், அதோடு ஆரோ வாசலில் நின்று கொடுக்க, உள்ளே வந்தவர்கள் வாங்கிப் போட்டுவிட்டுப் போன துண்டுக் காகிதங்கள். குனிந்து குனிந்து பொறுக்கிக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டு வந்தவளுடைய கை ஒரு காகிதத்தில் நின்றுவிட்டது. படம். ரோட்டோரம் வரிசையாக எரிந்து நிற்கிற வாகனங்கள், அதற்குப் பின்னால் வீடுகள் இல்லாமல் படிக்கட்டுகள் மட்டும் நிற்கிற ஒரு தெரு. கீழே பெயர் எழுதத் தேவையில்லை. எட்டு வருசத்துக்கு முந்தி அந்தத் தெருவை ரீவியில் ஒரு இரவும் ஒரு பகலும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். போர்ட் மக்மரி, கஜீபன் வேலை செய்கிற எண்ணெய் ஊர். காகிதத்தை அங்கிப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்து, ஒரு கிழமையாகச் சொல்சொல்லாக வாசித்தாள். விளங்காத சொல்லை போனில் போட்டுப் பார்த்தாள். நிலத்திலிருந்து எண்ணெய் எடுக்கிற கொம்பனிகளுக்கும், நிலக்கரிக்கும், எண்ணெய்க் குழாய்க்கும் இந்த வங்கி கொடுத்த கடன். எழுதியிருந்த இலக்கத்தில் எத்தனை சுழியம் என்று எண்ணும்போதே கண் மங்கியது. எரிக்க எரிக்கப் பூமி சூடேறுகிறது, சூடேறக் காடு காய்கிறது, காய்ந்த காடு பற்றுகிறது என்று அடியில் எழுதியிருந்தது. அது அவளுக்குப் புதிதில்லை, ரீவியில் எத்தனையோ பேர் சொன்னதுதான். புதிது என்னவென்றால் கடைசி வரி. உங்கள் வைப்புப் பணம்தான் அவர்கள் கொடுக்கும் கடன். உங்கள். அந்தச் சொல்லில் அவள் சிக்கிக்கொண்டாள். சின்ன மீன்முள் தொண்டைக்குள் நிற்கிறமாதிரி. விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. இரவிரவாக அலுவலகங்களின் கக்கூசு கழுவிச் சேர்த்த காசு. அது பகலில் அவள் நித்திரை கொள்ளும்போது எழும்பிப் போய் என்னென்ன வேலை செய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. காசு வங்கியில் சும்மா கிடக்கிறது, வெட்டின கிணற்றில் தண்ணி கிடக்கிறமாதிரிக் கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆனால் அந்தக் காசில் பாதி அவன் அனுப்பினது. அதுதான். அங்கே வந்துதான் எல்லாம் முட்டுப்படுகிறது. தகப்பன் செத்து அடுத்த வருசம், வீட்டுக்கடன் கட்ட வழியில்லாமல் ரெண்டு பேரும் குசினி மேசையில் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருந்த நேரத்தில், "அம்மா, அல்பேர்ட்டாவிலை மெக்கானிக்குக்கு மூண்டு மடங்கு சம்பளம்" என்று கஜீபன் சொன்னான். இருபத்துமூன்று வயது. போய் ரெண்டாம் மாதம் ஒரு படம் அனுப்பினான், லொறிச் சில்லொன்றுக்குப் பக்கத்தில் நிற்கிற படம். சில்லின் பாதிக்குக்கூட அவன் இல்லை. தார் பிடித்த மண்ணைத் தோண்டி அள்ளுகிற லொறியாம், அந்த மண்ணை அவித்துத்தான் எண்ணெய் எடுக்கிறதாம். "இவ்வளவு பெரிசோ மோனை, கவனமடா" என்று சொல்லிவிட்டு, அந்தப் படத்தைக் கோயிலில் எல்லாருக்கும் காட்டித் திரிந்தாள். அவன் அனுப்பி அனுப்பித்தான் வீட்டுக் கடன் முக்காலும் தீர்ந்தது. பிறகு அந்த மே மாதம். பின்னேரம் ஆறு மணிக்கு ரீவியில் நெருப்பு. ஊருக்குள் இறங்கிவிட்டதாம், எண்பதாயிரம் சனத்தையும் வெளிக்கிடச் சொல்லியாயிற்றாம், வெளியேறுவதற்கு ஒரேயொரு ரோட்டாம். ஒரேயொரு ரோட்டு. அவளுக்குத் தெரியும் ஒரேயொரு ரோட்டென்றால் என்னவென்று. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் வெளிக்கிட்டபோது, மழைக்குள், ஒரு அடி வைக்கக் கால்மணித்தியாலம் நின்று நின்று, ஐந்து வயதுக் கஜீபனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள். அன்றைக்கு அவன் இடுப்பில் இருந்தான், சூடு தெரிந்தது, மூச்சுத் தெரிந்தது. இன்றைக்கு அவன் எங்கே? போன் எடுத்தால் மணி அடிக்கவில்லை. ஒரு பொம்பிளைக் குரல் இங்கிலிஷில் அதையே அதையே சொல்லியது. பத்தொன்பது மணித்தியாலம். போனைக் கையில் வைத்தபடி சோபாவில் இருந்தாள். சலம் கழிக்கப் போகும்போதும் கையில். அடுத்தநாள் மத்தியானம் ஒரு மணிக்கு ஆரோ ஒருத்தரின் போனிலிருந்து எடுத்து, "அம்மா நான் ஓகே. காரும் சாமானும் எரிஞ்சு போட்டுது. நான் ஓகே" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் அது மறுபடி நடந்துவிடும்போல ஒரு பயம். ரெண்டு மாதத்தில் திரும்பவும் அங்கேயே வேலைக்குப் போனான். போக வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, வீட்டுக்கடன் அப்போது பாதிகூடக் கட்டியிருக்கவில்லை. போன கோடையில் ரொறொன்ரோ வானமே செம்மஞ்சளாகி, எங்கேயோ எரிந்த காட்டின் புகை இங்கே வந்து பல்கனியில் இறங்கி, அவளுக்கு மூன்று கிழமை இருமல் நிற்காமல் இருந்தபோது, "இது எங்கட பக்கத்துப் புகை இல்லையம்மா, கியூபெக் பக்கம்" என்றான். எங்கட பக்கம். அவன் அதைச் சொன்ன விதத்தில், தன்னைக் குற்றம் சொல்லப்போகிறார்கள் என்று முந்திக்கொண்டு சொல்கிற ஒரு அவசரம் இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது, அவனும் யோசிக்கிறான்.

"தவமலர் அன்ரி?" என்று தமிழில் கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழும்பினாள். நாற்பது வயது மட்டில் ஒருவர், கழுத்துப்பட்டி, சட்டையில் ரமணீதரன் என்று பெயர் குத்தியிருந்தது. பாடமாக்கிக் கொண்டுவந்த ஏழு சொல்லும் வீணாகிவிட்டதே என்று முதலில் ஒரு சின்ன ஏமாற்றம்தான் வந்தது. கண்ணாடி அடைத்த அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார். "சொல்லுங்கோ அன்ரி, என்ன அலுவல்?"

"எக்கவுண்டை மூடோணும் தம்பி. கிறெடிற் காட்டையும்."

அவர் உடனே ஏன் என்று கேட்கவில்லை. கொம்பியூட்டரைத் தட்டினார். பழைய வாடிக்கை, ஒரு தரம்கூடப் பிந்திக் கட்டினதில்லை, மாதக் கட்டணத்தைக் கழித்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றாள். கிறெடிற் காட்டில் பதினோராயிரம் புள்ளி சேர்ந்து கிடக்கிறது, மூடினால் அது எல்லாம் போய்விடும், மூட முந்தி ஒரு பாண் வாட்டுகிற மெசின் எடுக்கலாம் என்றார். அந்த நேரத்திலும் தவமலருடைய மனம் ஒரு கணம் அந்த மெசினில் போய் இருந்தது. வீட்டில் இருக்கிறதில் ஒரு பக்கம் சூடாவதில்லை, பாணைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். எடுத்தால் என்ன? இத்தனை வருசக் கூலியல்லவா? பிறகு வெட்கமாக இருந்தது. "அதுவும் வேண்டாம் தம்பி."

"அப்ப காரணம் ஒண்டு போடோணும் அன்ரி. இஞ்சை நாலு இருக்கு. இடம் மாறுறது, கட்டணம் கூட, சேவை பிடிக்கேல்லை, கடைசியா வேறை."

"வேறை."

"வேறையெண்டால் என்னெண்டு எழுதோணும்."

வந்துவிட்டது. பைக்குள் கைவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்பில் கிழிந்து படத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அவர் குனிந்து வாசித்தார். வாசித்து முடிந்ததும் கண்ணாடிக்கு வெளியே ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் மேலிடத்து அலுவல் அன்ரி. குறை நினையாதேங்கோ, உங்கட பதினெட்டாயிரத்தை எடுத்தால் அவைக்குத் தெரியவே போறதில்லை."

அது உண்மை. அவளுக்கே அது தெரியும், எத்தனையோ நாள் அதைத் தனக்குத்தானே சொல்லிப் படுத்தவள். கடலில் கையால் ஒரு வாளி தண்ணி அள்ளினால் கடலுக்குத் தெரியுமா? ஆனால் வாளி என் கையில் அல்லவா இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படிப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. "அவைக்குத் தெரியாதுதான் தம்பி. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுதான் கரைச்சல்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. தட்டத் தொடங்கினார். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் வங்கி கடன் கொடுப்பதால் வாடிக்கையாளருக்குக் கவலை என்று இங்கிலிஷில் எழுதித் தமிழில் வாசித்துக் காட்டினார். "நெருப்பையும் போடுங்கோ" என்றாள். "என்ன நெருப்பு அன்ரி?" அவள் சொன்னாள். மகன் அங்கே வேலை செய்கிறான் என்பதையும், அந்தப் பத்தொன்பது மணித்தியாலத்தையும், ஐந்தாறு வசனத்தில், மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு. வெளியாள் ஒருத்தருக்கு அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் மறுபடி தட்டினார், கொம்பியூட்டர் ஒரு சத்தம் போட்டது. "எண்பது எழுத்துக்கு மேலை விடாதாம்." சொல் சொல்லாக அழித்துக்கொண்டு வந்தார். வாடிக்கையாளர் போனது. வங்கி போனது. கவலை போனது. கவலையை அழிக்கிறதைப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது. கடைசியில் மிஞ்சினது: எண்ணெய்க்குக் கடன். மகன் நெருப்புக்குள். "சரியோ அன்ரி?" சரி என்று தலையாட்டினாள். ஒரு வருசமாக நெஞ்சுக்குள் சுற்றிக்கொண்டு திரிந்தது இவ்வளவுதானா என்றிருந்தது. இவ்வளவுதான் என்றும் இருந்தது.

அப்போதுதான் அவர் திரையைக் கிட்டப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார். "அன்ரி, இது ரெண்டு பேரின்ட எக்கவுண்ட். மூடுறதெண்டால் மகனும் சைன் வைக்கோணும்." அவள் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தாள். "நான் தனிய மூடலாமெண்டு நினைச்சன்." "காசை நீங்கள் தனிய எடுக்கலாம். ஒண்டு செய்யுங்கோ, பத்து டொலரை விட்டிட்டு மிச்சம் எல்லாத்தையும் எடுங்கோ. எக்கவுண்ட் பாட்டுக்குக் கிடக்கும். மகனுக்குத் தெரியவும் தேவையில்லை." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எவ்வளவு சுலபமான வழி. பத்து டொலர். பத்து டொலரால் ஆர் என்ன குழாய் போடப்போகிறார்கள்? அவனிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவன் முகம் சுருங்குவதைக் குரலில் கேட்கத் தேவையில்லை, முதலாம் திகதி அவனுடைய காசு வந்து விழ விழ எடுத்து வேறிடத்தில் போட்டுக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு மாதமும். களவாக. அவன் உழைப்பை அவனுக்குத் தெரியாமல் கழுவுகிறமாதிரி. ஆருக்காக? அவனுக்காக என்று சொல்லிக்கொண்டு அவனுக்கு ஒளிக்கிறதா? முந்தி சிவபாதம் நெஞ்சு நோகிறதை அவளுக்கு ஒளித்தவர். நீ பயப்படுவாய் என்று ஒளித்தாராம், பிறகு டொக்டர்தான் சொன்னது. அந்தக் கோபம் பன்னிரண்டு வருசமாகியும் அவளுக்குத் தீரவில்லை. போனை எடுத்தாள். "இதிலை இருந்து கதைக்கலாமோ தம்பி?" "கதையுங்கோ அன்ரி, நான் வெளியிலை நிக்கிறன்" என்று அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மூன்றாம் மணியில் எடுத்தான். பின்னால் இரும்பில் இரும்பு படுகிற சத்தம். "அம்மா? என்ன நடந்தது?" வேலை நேரத்தில் எடுத்தால் அவன் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"ஒண்டும் நடக்கேல்லை ராசா. வங்கியிலை நிக்கிறன்."

"காசு ஏதும் தேவையோ?"

"இல்லையடா. எங்கட எக்கவுண்டை மூடப்போறன். உன்ட சைனும் வேணுமாம்."

"ஏன்?"

காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த சொல் அவனுடைய குரலில் வந்தது. இந்த முறை அவள் தடுக்கி நிற்கவில்லை. மண்டபத்தையும், கதிரைக்குக் கீழே கிடந்த காகிதத்தையும், படத்தையும், கடனையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னாள். அங்காலே சத்தம் குறைந்துகொண்டு போனது, அவன் நடந்து வேறெங்கேயோ ஒதுங்குகிறான் என்று விளங்கியது.

"அப்ப என்ட வேலை?" என்றான் கடைசியில். "அந்தக் கடன்ல தானே அம்மா இந்தக் கொம்பனி நடக்குது. அதிலை தானே எனக்குச் சம்பளம். நீங்கள் இருக்கிற வீடு அந்தக் காசு தானே. அது ஊத்தையோ?"

"ஊத்தையெண்டு நான் சொன்னனானோ? நீ ஏன் அங்கை போனனி எண்டு எனக்குத் தெரியாதோ? எங்கட கடனுக்குப் போனனி." போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "உன்ட வேலையைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல வரேல்லை மோனை. அண்டைக்குப் பத்தொன்பது மணித்தியாலம் இந்தப் போனைக் கையிலை வைச்சுக்கொண்டிருந்தன். நீ வந்திட்டாய். நான் இன்னும் அதை வைச்சுக்கொண்டுதான் இருக்கிறன். இறக்கி வைக்க ஏலாமல் கிடக்கு. இந்த நெருப்புக்கு என்ட காசும் போகுதெண்டு தெரிஞ்ச பிறகு எப்பிடிச் சும்மா இருக்கிறது?"

பிறகு, சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்கிறமாதிரி, தணிந்த குரலில் அவன் சொன்னான்: "கார்க் கண்ணாடி சுட்டது அம்மா. கை வைக்கேலாது. ரெண்டு பக்கமும் மரம் எரியுது, முன்னுக்கு நிண்ட கார் அசையேல்லை. நான் அப்ப உங்களுக்குப் போன் எடுத்தனான். லைன் போகேல்லை. கனதரம் எடுத்தனான்."

தவமலர் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருசம். அவள் இங்கேயிருந்து எடுக்க, அவன் அங்கேயிருந்து எடுக்க, ரெண்டும் நடுவில் எங்கேயோ. "ஏன் ராசா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" "நீங்கள் கேக்கேல்லை" என்றான். அதில் குறை இல்லை, உள்ளதைச் சொன்னான். பிறகு ஆரோ அவனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "மூடுற போமை அனுப்பச் சொல்லுங்கோ, போனிலை சைன் பண்ணுறன். ஆனால் புதுசிலை என்ட பேர் வேண்டாம். இஞ்சை நிண்டுகொண்டு அதிலை பேர் போட எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வைக்கிறன் அம்மா."

அவன் சைன் வர இருபது நிமிசம் எடுத்தது. ரமணீதரன் கத்தரிக்கோலால் கிறெடிற் காட்டை நடுவில் வெட்டினார், அவளுடைய பெயர் ரெண்டாகப் பிரிந்து மேசையில் விழுந்தது. அவள் எதிர்பார்த்த அளவு நோகவில்லை. காசோலை ஒன்றைக் கடித உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்து பிடித்தார். "எங்கை போடப்போறியள் அன்ரி?" என்று கேட்டார். ரெண்டு பஸ் தரிப்புத் தள்ளி இருக்கிற கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பெயரைச் சொன்னாள். "அங்கை வட்டி கொஞ்சம் குறைவு" என்றார், பிறகு, "எண்டாலும் நல்ல சனம்" என்றார். வெளியில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தாள். அவன் பெயர் வேண்டாமென்றது நடக்க நடக்கத்தான் உறைத்தது. தள்ளிவிட்டானா? என்னைத் தள்ளினானா, இல்லை, தன்னைத் தானே தள்ளி நிறுத்தினானா? கனதரம் எடுத்தனான். எத்தனை தரம்? பத்தா, ஐம்பதா? கார் அசையாமல் நிற்க, கண்ணாடி சுட, ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு. அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஒருவர் 'சொறி' என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகிப் போனார்.

சங்கம் ஒரு பல் வைத்தியசாலைக்குப் பக்கத்தில், சின்னதாக, நாலு மேசையோடு இருந்தது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு நரைத்த பெண் அவளை இருத்தினாள். வைப்புக் காசை எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் கொடுப்பதில்லை என்று எழுதின தாளை, அவள் கேட்க முந்தியே எடுத்து முன்னால் வைத்து, விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். கிறெடிற் காட் வர ரெண்டு கிழமை எடுக்குமாம். ரெண்டாம் பெயர் ஏதும் உண்டோ என்று கேட்டாள். இல்லை என்று தவமலர் சொன்னாள். ஒரேயொரு கோட்டில், ஒரேயொரு கையெழுத்து. தகப்பனுடைய பெயரோ, புருசனுடைய பெயரோ, பிள்ளையின் பெயரோ பக்கத்தில் இல்லாமல் அவள் வைத்த முதல் கையெழுத்து அது. பேனையை வைத்த பிறகு அந்தத் தனி எழுத்தைப் பார்க்க, பெரிய வெறும் வீட்டில் நிற்கிறமாதிரி இருந்தது.

போன் அதிர்ந்தது. கஜீபன் எழுதியிருந்தான், இங்கிலிஷ் எழுத்தில் தமிழ்: 'புது எக்கவுண்ட் நம்பரை அனுப்புங்கோ. முதலாந் திகதி காசு போடோணும்.'

அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். அந்தக் காசு எந்த மண்ணிலிருந்து வருகிறதென்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அது இந்தச் சின்னக் கடைக்குள் வந்து விழும். சரியா பிழையா என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றப் பார்த்தது, அவள் அதைச் சுற்ற விடவில்லை. புதுத் தாளைக் கிட்டக் கொண்டுவந்து, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். தட்டி முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி சரிபார்த்தாள், ஒரு இலக்கம் பிழைத்தாலும் அவன் வேறெங்கேயோ போய்ச் சேர்ந்துவிடுவான் என்கிறமாதிரி. பிறகு அதற்குக் கீழே எழுதினாள்: 'வேலை முடிய எடு ராசா. மிச்சத்தையும் சொல்லு.'